அத்தையின் ராத்திரி டியூட்டி

இன்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு மோசடிக்காரன் எங்கள் வீட்டுக்கு போன் போட்டான். பதினாலு நிமிஷம் பேசினான். கடைசியில் அவனே போனை வைத்துவிட்டு ஓடிவிட்டான். பேசியது அத்தை, அதாவது என் மாமியார். அத்தையைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள்.

மூலகாரணம் இவர்தான், என் வீட்டுக்காரர், அத்தையின் மகன். போன டிசம்பரில் ஆறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எம்எஃப்ஏ விண்ணப்பம் போட்டார். கதை எழுதுவதற்கு முதுகலைப் படிப்பு. இருபத்தாறு பக்கத்தில் ஒரு கதை, நான் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு கட்டுரை, மூன்று பேரிடம் கெஞ்சி வாங்கிய சிபாரிசுக் கடிதங்கள். கட்டணம் மட்டும் ஆறுக்கும் சேர்த்து 450 அமெரிக்க வெள்ளி. எங்கள் வாஷிங் மெஷின் போடும் சத்தத்தைக் கீழ்வீட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்கு நல்லதாகவே ஒன்று வந்திருக்கும்.

தீபாவளிக்கு வந்த பெரிய மாமா, "கதை விடறதுக்கும் மாஸ்டர்ஸ் இருக்கா?" என்றார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே இவர் முக்கால் மணி நேரம் விளக்கினார். ஐயோவாவில் 1936லேயே தொடங்கிவிட்டார்களாம். அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கெல்லாம் அதுதான் தாய்வீடு மாதிரியாம். பல இடங்களில் ஃபீஸ் கிடையாதாம், இளங்கலைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தால் மாதப்படி வேறு தருவார்களாம். மாமாவின் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது. "அப்போ கதை விட்டா காசு!" என்று திருப்தியாக இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார். அத்தைக்கு ஊர்ப் பெயர்தான் பிடிக்கவில்லை. "பேர்லயே ஐயோன்னு இருக்கு. அங்க எதுக்குய்யா போவணும்?"

விண்ணப்பம் போடுவது கஷ்டமில்லை. போட்ட பிறகுதான் வீடு நாசமாகப் போகிறது. முடிவுகள் பிப்ரவரிக் கடைசியில் வரலாம், மார்ச் நடுவிலும் வரலாம், அதையும் தாண்டலாம். இங்கே சிங்கப்பூரில் பிடிஓ வீட்டுக்கு, அதாவது பதிவு செய்துவிட்டுக் கட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு, நாங்கள் நாலு வருஷம் காத்திருந்தோம். ஆனால் அதில் கையில் ஒரு வரிசை எண் இருந்தது. கட்டடம் எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டு வருவோம். இங்கே பார்க்க என்ன இருக்கிறது? இணையப் பக்கத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை இவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை படிப்பார்.

நியூயார்க் பக்கம் அலுவலகம் திறந்தால் நமக்கு ராத்திரி பத்து. மூடினால் காலை ஆறு. ஆகவே இவர் ராத்திரி பத்துக்கு விழித்தார், காலை ஆறுக்குத் தூங்கினார், ஏழரைக்கு வேலைக்குப் போனார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் இவருக்கு வாரம் முடியும். நடுவில் பொழுதுபோக, அனுப்பிய கதையைத் திரும்பப் படித்துத் தொலைத்தார். பதினேழாம் பக்கத்தில் 'ஷீ ஷீ க்ரைட்' என்று இருந்தது. ஒரு 'ஷீ' அதிகம். அதைச் சொல்ல என்னை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினார். யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிப்போய் எழுந்தேன்.

பிப்ரவரி 16 இன்னும் மோசம். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், திங்கட்கிழமை. எதிர்வீட்டில் இருபது பேர் யூ ஷெங் என்ற புத்தாண்டு மீன் சாலட்டைத் தூக்கிப் போட்டுக் கத்திக்கொண்டிருக்க, இவர் ஹாலில் மடிக்கணினி முன்னால் தவம். விடிகாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது, அன்று அமெரிக்காவில் அதிபர்கள் தினமாம், பொது விடுமுறை. எதிர்வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன அன்னாசி டார்ட் ஒரு டப்பா முழுக்கக் காலி. அதைத் தவிர அந்த ராத்திரியில் எதுவும் முடிவாகவில்லை.

அத்தை தன் வழியில் வேலை பார்த்தார். இங்கே ஈசூனில் பாலசுப்பிரமணியர் கோவில், முன்பு செம்பவாங் பக்கம் மரத்தடியில் இருந்த கோவில்தான், அங்கே போய் மகனைக் கேட்காமலேயே பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். தூக்கப் போவது மகன். அதோடு விட்டாரா? தேர்வுக் குழுப் பேராசிரியர்கள் பெயரில் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். "அவங்களுக்கெல்லாம் என்ன நட்சத்திரம்னு கேட்டுச் சொல்லு" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பெயரே தெரியாது என்றேன். "சரி, சாமி பேர்லயே பண்ணிடுறேன். அவருக்குத் தெரியாத புரொஃபசரா?"

இனி போன் விஷயம். இவர் ஆராய்ந்து கண்டுபிடித்தது என்னவென்றால், இடம் உண்டு என்றால் பெரும்பாலும் போனில் கூப்பிட்டுச் சொல்வார்களாம். இல்லை என்றால் மின்னஞ்சல். நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் இருப்பது சிங்கப்பூர். வெளிநாட்டு அழைப்பு என்றால் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வரும். கூட்டல் குறியைக் கண்டால் எடுக்காதே என்று பால்வாடிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அத்தை ஒரு படி மேலே. சமூக மன்றத்தில் மோசடித் தடுப்புப் பேச்சுக்குப் போய்த் துணிப்பையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தமும் வாங்கி வந்தவர். காந்தத்தில் மோசடி உதவி எண் 1799 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அன்றிலிருந்து எங்கள் புளோக்கில் அத்தைதான் போலீஸ் ஸ்டேஷன்.

பிப்ரவரி 24, ராத்திரி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். இவர் கழிவறையில். போன் சோபாவில். கூட்டல் ஒன்று என்று ஆரம்பிக்கும் எண். அத்தை எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் இவர் பெயரைச் சொல்லி, "மே ஐ ஸ்பீக் டு" என்று தொடங்கியது எனக்கே கேட்டது. "யூ ஸ்கேமர்! ஐ கால் போலீஸ்! யுவர் மதர் நோ டீச் யூ ஆ?" என்று ஒரே மூச்சில் முடித்து, எண்ணைத் தடுப்புப் பட்டியலிலும் போட்டுவிட்டார். எல்லாம் இருபது வினாடி. இவர் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தபோது அத்தை பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

திருப்பிக் கூப்பிட்டோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பதிவுக் குரல். ஆக, மோசடியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் இவர் நம்பவில்லை. மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. நாலாம் நாள், சனிக்கிழமை, அத்தை அந்த எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எடுத்துக்கொண்டு போய் 4டி லாட்டரியில் 'பெரியது' என்ற பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தார். ஆறரை மணிக்கு முடிவு வந்தது. ஆறுதல் பரிசு. 60 வெள்ளி. "யாரா இருந்தாலும் நல்ல மனுஷி" என்றார் அத்தை. "நான் வாரத்துல மூணு நாளு ரிசல்ட்டு பாக்கறேன். ஒரு நாளாச்சும் இவன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தேனா?"

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். ராத்திரியில் இவர் போன் அத்தையிடம் இருக்கும். அத்தைக்கு எப்படியும் இரண்டு மணி வரை தூக்கம் வராது. கூட்டல் குறி வந்தால் எடுக்க வேண்டும், திட்டக் கூடாது, மரியாதையாகப் பேசி இவரை எழுப்ப வேண்டும். சமூக மன்றத்தில் சொன்னதற்கு நேர் எதிர். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். "ஐயோன்னாலும் பின்னாடி வான்னுதானே கூப்பிடுது அந்த ஊரு" என்று டியூட்டியை ஏற்றுக்கொண்டார்.

இதற்குள் ஆறில் மூன்று கையை விரித்துவிட்டன. மூன்றும் மின்னஞ்சல். நூற்றுக்கணக்கானவர்கள் எழுதிப் போட, ஒரு கைவிரல், இரு கைவிரல் எண்ணிக்கையில்தான் எடுப்பார்களாம். நாலாவது இடத்தில் காத்திருப்போர் பட்டியல். வரிசை எண்ணைக் கேட்டால் சொல்ல மாட்டார்களாம். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல வேண்டும். அவர்களில் யாராவது வரவில்லை என்றால் இவருக்கு நகரும். முன்பின் தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்கு வேறு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று நானும் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். மீதி இரண்டு இடங்கள் மூச்சே விடவில்லை.

சரி, இன்று ராத்திரிக்கு வருகிறேன். போன் அடித்ததும் அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்தார். "யெஸ், ஹலோ. ஐ ஆம் த மதர்."

அவன் ஏதோ அதிகாரி என்றும், மகனின் வங்கிக் கணக்கில் சிக்கல் என்றும் ஆரம்பித்திருக்கிறான்.

"அக்கவுன்ட் நெவர் மைன்ட். யூ விச் யூனிவர்சிட்டி?"

அவனுடைய தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை போல. தடுமாறினான். அந்தத் தடுமாற்றத்தில் அத்தைக்கு அவன் பேச்சின் ராகம் பிடிபட்டுவிட்டது. "யூ மலாய்க்காரப் புள்ளையா? சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத்தான் தோன்றும். "பெலும்", இன்னும் இல்லை என்றுவிட்டான். அதோடு தீர்ந்தது அவன் கதை. மணி பதினொன்றரை ஆகப் போகிறது, இன்னும் சாப்பிடாமல் அப்படி என்ன வேலை, அம்மா இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள். பிறகு மகனின் விண்ணப்பம். பிறகு மகன் எழுதிய கதை. மலாயில் தொடங்கியவர் வழியில் எங்கேயோ முழுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு இடித்தது. அந்தக் கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. அத்தைக்கு எப்படித் தெரியும்? எங்கள் பையனைக் கிள்ளிக் கேட்டதில், பள்ளி விடுமுறையில் பாட்டிக்கு அவன்தான் வாசித்துத் தமிழில் சொன்னானாம். பக்கத்துக்கு ஒரு வெள்ளி. 26 வெள்ளி வசூல். ஆறுதல் பரிசு எங்கே போயிற்று என்று இப்போதுதான் விளங்குகிறது.

கதை 1978 அக்டோபர் 12ஆம் தேதி நடப்பது. ஜூரோங்கில் ஸ்பைரோஸ் கப்பல் வெடித்த நாள். 76 பேர் செத்துப் போனார்கள். செம்பவாங்கில் வெல்டராக இருந்த என் மாமனாரை அந்த வாரம் ஜூரோங் பக்கம் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போன் கிடையாது. சேதி ரேடியோவில் வந்தது. அவர் வேறு கப்பலில் இருந்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது தெரிய ராத்திரி பத்தாகிவிட்டது. இவர் கதையில் அம்மா வாசலில் நின்று அழுகிறாள்.

"பொய்யி தம்பி," என்று அத்தை போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் எங்க அழுதேன்? குனிங் மீனு பொரிச்சுக்கிட்டிருந்தேன். வந்தா சாப்பிடணும்ல. ஒரு கிலோ. அதுவும் தீந்துபோச்சு, ஐஸ்ல வச்சிருந்ததையும் எடுத்துப் பொரிச்சேன். அடுப்ப அணைக்கப் பயமா இருந்துச்சு... ஹலோ? ஹலோ?"

வைத்துவிட்டான். அத்தை போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், சாப்பிடப் போயிருப்பான்."

இவர் எப்போது எழுந்து வந்தாரோ, அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக ஒரு 'ஷீ' அதிகம் என்று புலம்பியவர். இப்போது அந்த வாக்கியமே தப்பு என்று ஆகிவிட்டது. அனுப்பியாச்சு, திருத்தவும் முடியாது.

"அவ்வளவு மீனையும் என்னம்மா பண்ணினே?"

"மறுநாளு லயம் முழுக்கக் குடுத்தேன். உங்கப்பா ரெண்டே ரெண்டுதான் சாப்பிட்டாரு. உப்பு கூடிப்போச்சாம்." அத்தைக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது மணி ஒன்று நாற்பது. அத்தை வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே தூங்கிவிட்டார், அவ்வளவு பேசிய களைப்பு. இவர் குறட்டை. பையனை எழுப்பி மீதிக் காசு எங்கே என்று கேட்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம். எனக்குக் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். மார்ச் 8ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்கள், இப்போது நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். கணக்குப் போடவே வேண்டாம். அங்கேயும் ஒன்று நாற்பதுதான், மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். போன் என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தத்தை முழுக்க வைத்திருக்கிறேன்.