ஸ்கேன் நார்மல், வலி மட்டும் அப்படியே

என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் கடைசியாகத்தான் வருகிறார்கள். மகப்பேறு மருத்துவர், சிறுநீரக மருத்துவர், குடல் மருத்துவர் என்று ஒரு சுற்று முடித்து, இனி யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும்போது யாரோ சொல்லி வந்து சேர்கிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, குடல் இவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான சிகிச்சைதான் என் வேலை. கர்ப்பப்பை எடுத்த பிறகு, சிசேரியனுக்குப் பிறகு, கர்ப்பப்பை இறக்கத்துக்குத் தாங்கிப் பிடிக்கும் வலை (மெஷ்) வைத்த பிறகு அடிவயிற்றில் தங்கிவிட்ட வலியோடு வருபவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

கையில் தடித்த ஃபைல் இருக்கும். புரட்டினால் ஸ்கேன், மறுபடியும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை. எல்லாவற்றிலும் நார்மல். "எல்லாமே நார்மல்னா எனக்கு ஏன் மேடம் வலிக்குது?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் அநேகமாக அந்த ஃபைலில் இருப்பதில்லை. ஸ்கேன் கட்டியைக் காட்டும், நீர் கோர்த்திருந்தால் காட்டும். தையலில் சிக்கிய மெல்லிய நரம்பும் இறுகிப்போன தசையும் வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை. பொறுமையாகக் கேள்வி கேட்டு, விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ரிப்போர்ட் நார்மல் என்பதால் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறதே என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

முதலில் நான் கவனிப்பது அவர்கள் உட்காரும் விதத்தை. ஒருவர் நாற்காலி நுனியில், ஒரு பக்கப் புட்டத்தில் மட்டும் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் உட்காரவே மாட்டார், "நின்னுக்கறேன், பரவாயில்லை" என்பார். உட்கார்ந்தால் கூடுகிற, எழுந்தால் குறைகிற, ஆனால் ராத்திரித் தூக்கத்தைக் கலைக்காத வலி என்றால் எனக்குப் புடெண்டல் நரம்பு ஞாபகத்துக்கு வரும். பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளுக்கு உணர்வு தரும் நரம்பு அது. இந்த நரம்பு வலியைக் கண்டறிய 2008-ல் வெளியான நான்ட் அளவுகோல்களில் இந்த அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஆபரேஷன்களுக்குப் பிறகு சிலருக்கு இந்த நரம்பில் சிக்கல் வருகிறது.

அப்புறம் படுக்கச் சொல்வேன். "வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால காட்டுங்க." சிலர் உள்ளங்கையால் அடிவயிறு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள். சிலரின் விரல் நேராகப் போய் ஓர் இடத்தில் நிற்கும், பெரும்பாலும் குறுக்குத் தையலின் ஒரு ஓரத்தில். அந்த இடத்தை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்வேன். தூக்கும்போது வயிற்றுத் தசை விறைத்து உள்ளுறுப்புகளை மறைத்துக்கொள்கிறது. அப்போது வலி குறைந்தால் காரணம் உள்ளே இருக்கலாம். வலி அப்படியே இருந்தாலோ கூடினாலோ அது வயிற்றுச் சுவரிலிருந்து வருவதாகச் சந்தேகப்பட வேண்டும். கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிய பரிசோதனை இது. ஒரு நிமிடம் கூட ஆகாது, எந்தக் கருவியும் வேண்டாம். இத்தனை மருத்துவர்களைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், "இப்படி யாரும் செஞ்சு பார்க்கவே இல்லையே" என்று சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாகிவிடும்.

குறுக்குத் தையலின் இரு ஓரங்களையும் ஒட்டி இலியோஇங்குவினல், இலியோஹைபோகாஸ்ட்ரிக் என்று இரண்டு நரம்புகள் ஓடுகின்றன. வெட்டும்போது காயப்படலாம், தைக்கும்போது நூலில் மாட்டலாம், ஆறும் தழும்பில் சிக்கலாம். எரிச்சலும் சுரீர் வலியும் தொடை இடுக்கு வரை இறங்கும். சேலைக் கட்டோ பாவாடை நாடாவோ பட்டாலே தாங்காது. அந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டு வலி அடங்கினால், நரம்புதான் காரணம் என்பதற்கு அது நல்ல ஆதாரம். சிலருக்கு அந்த ஊசியே சிகிச்சையாகவும் அமைந்துவிடுகிறது. ஊசி போடுவது என் வேலை இல்லை. வலி சிகிச்சை மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்புவேன்.

தையலுக்கு அருகில் சின்ன கட்டி, மாதா மாதம் மாதவிடாய் நேரத்தில் வீங்கி வலித்தால் கதை வேறு. கர்ப்பப்பையின் உள் சவ்வு தழும்பில் ஒட்டி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் அது. சிசேரியனுக்குப் பிறகு வரக்கூடியது. கர்ப்பப்பையை எடுத்தாலும் சினைப்பை இருந்தால் மாத சுழற்சி உள்ளுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கும். ரத்தப்போக்கு இல்லாததால் தேதி தெரியாது, அவ்வளவுதான். அதனால் வலி வரும் நாட்களைக் காலண்டரில் குறிக்கச் சொல்கிறேன். சில மாதம் குறித்தாலே ஒழுங்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

உள் பரிசோதனையை முதல் சந்திப்பிலேயே செய்வதில்லை. ஏற்கெனவே எத்தனையோ மேசைகளில் படுத்து எழுந்தவர்கள். எதற்காக, எங்கே, எந்த விரலால் தொடப்போகிறேன் என்று சொல்லி, "வேண்டாம்னா எப்ப வேணா நிறுத்திடலாம்" என்று சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான். உள்ளே பக்கச்சுவரில் இருக்கும் தசையை மெல்ல அழுத்தும்போது சிலர் சட்டென்று மூச்சை நிறுத்துவார்கள். "இதேதான் மேடம், இதே வலிதான்!" வலிக்கிற இடத்தில்தான் அழுத்துகிறேன், ஆனால் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வரும். தான் சொன்னது பொய்யில்லை என்று இன்னொருவர் விரல் கண்டுபிடித்துவிட்டதே என்ற நிம்மதி.

ஆபரேஷன் வலிக்குப் பயந்து இறுக்கிப் பிடித்த தசை, காயம் ஆறிய பிறகும் தளராமல் போவது உண்டு. சிறுநீர் கழிக்க, மலம் கழிக்க, தாம்பத்தியத்துக்கு எல்லாம் அது தளர வேண்டும். தாம்பத்திய வலியைப் பற்றி அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நானேதான் கேட்பேன். இவர்களில் பலருக்கு "கீகல் பண்ணுங்க" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். அர்னால்ட் கீகல் என்ற மருத்துவர் 1948-ல் கீழ்த் தசையை இறுக்கிப் பழகும் அந்தப் பயிற்சியைச் சொன்னது தளர்ந்துபோன தசைக்கு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். இவர்களுக்கு நான் முதலில் கற்றுத் தருவது வயிறு மேலெழும்ப மூச்சை இழுப்பதும், அந்த மூச்சோடு கீழ்த் தசையைத் தளர்த்துவதும்.

அதிகம் கேட்கப்படும் இன்னொரு கேள்வி: "உள்ள ஒட்டிக்கிட்டு இருக்காம். திரும்ப ஓபன் பண்ணிப் பிரிச்சு விட்டா சரியாயிடுமா?" உள்ளுறுப்புகள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இந்த ஒட்டுதல் ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருகிறது, எல்லோருக்கும் வலிப்பதில்லை. 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. 100 பேரில் பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதலைப் பிரித்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு உள்ளே பார்த்ததோடு சரி. ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் வலி குறைந்திருந்தது, பிரித்துவிட்டதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. அதனால் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தலையாட்டுவதற்கு முன், வலி ஒட்டுதலால்தான் வருகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள் என்பேன். மாத்திரைக்கும் இதேதான். வெளிப்படையான காரணம் தெரியாத அடிவயிற்று வலிக்கு கபபென்டின் என்ற நரம்பு மருந்தைப் பிரிட்டனில் 306 பெண்களிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை என்று 2020-ல் முடிவு வந்தது. நரம்பு சேதம் தெளிவாகத் தெரியும் வலி வேறு கணக்கு. அங்கே மருத்துவர் தரும் நரம்பு மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

வலை வைத்தவர்களின் அனுபவம்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. வலி என்று அவர்கள் வருடக் கணக்கில் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்த அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல்தான் உத்தரவிட்டது. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு பாதிக்கப்பட்டவர்களை நேரில் கேட்டு 2020-ல் அறிக்கை கொடுத்தது. பெண்கள் சொன்னதை மருத்துவ அமைப்பு தட்டிக்கழித்தது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

"மனசுதான் காரணம்னு சொல்லிட்டாங்க" என்று வருபவர்களிடம் நான் இரண்டு விஷயம் சொல்வேன். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலில், ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் இருக்கிறது. அப்புறம், நீண்ட நாள் வலித்தால் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெரிதாக்கப் பழகிவிடுகின்றன. காயம் ஆறினாலும் வலி நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். இது உடம்பில் நடக்கும் மாற்றம், கற்பனை இல்லை. தூக்கத்தைச் சரிசெய்வதும் மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் இந்த இடத்தில் உதவும். ஆனால் உடம்பைப் பரிசோதிக்காமலேயே அங்கே அனுப்பி வைத்தால், கைகழுவி விட்டதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

எல்லோருக்கும் வலி முழுதாகப் போய்விடுகிறது என்று சொல்ல மாட்டேன். சிலர் வேலைக்குத் திரும்புகிறார்கள். சிலரால் ஒரு பேருந்துப் பயணம் உட்கார்ந்து போக முடிகிறது, அதற்கே சந்தோஷப்படுகிறார்கள். காய்ச்சல், புதிதாக ரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, சிறுநீர் அடைத்துக்கொள்வது இவற்றில் எது இருந்தாலும் என்னிடம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.

ஒரு காகிதத்தை மட்டும் எல்லோரையும் வாங்கி வரச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, ஆபரேஷன் நோட்ஸ். எங்கே வெட்டினார்கள், எதை எடுத்தார்கள், சினைப்பையை விட்டார்களா, எந்த வலை, எந்தத் தையல், ரத்தம் அதிகம் போனதா என்றெல்லாம் அதில்தான் இருக்கும். கேட்டால் சில இடங்களில் எதற்கு என்று முறைப்பார்கள். வலிக்கான சிகிச்சைக்கு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, ஒரு நகலில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.