தவிலை வைத்துத் தேர்ந்த ஸ்பீக்கர்

"சத்தத்தைக் கூட்டவா அண்ணே?" என்றார் கடைத் தம்பி.

"வேண்டாம் தம்பி, இன்னும் கொஞ்சம் குறைங்க" என்றேன்.

இன்று மதியம், மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு ஸ்பீக்கர் கடை. கையோடு கொண்டுபோன தவில் பதிவைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் ஸ்பீக்கர் ஜோடியில், தவிலின் தொப்பிப் பக்கத்துக் (குச்சியால் அடிக்கும் பக்கம்) குச்சியடி மட்டும் நெஞ்சில் வந்து முட்டியது. விரல்களால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்தில், விரலில் மாட்டும் கூடு படும் ஓசை அதில் கரைந்தே போனது.

விலை குறைந்த இரண்டாவது ஜோடியில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. அடி விழுந்து, தோல் அதிர்ந்து, அடங்கும் வரைக்கும்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. சித்திரைத் திருவிழாவில், மாசி வீதியில், அப்பா தோளில் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம்.

வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீங்க. சத்தத்தை வெறும் 3 டெசிபல் கூட்டவே ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு வாட் தரணும். அதனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பது, எவ்வளவு என்று முதலில் கேளுங்க.

அப்புறம் அறை. மூலையோடு ஒட்டி வைத்தால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரிலும் பாஸ் (தாழ்ந்த, கனமான ஓசை) வீங்கிவிடும். எங்கள் ஹாலில் சுவரைவிட்டு 2 அடி தள்ளி வைக்க, பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது.

அப்பா ஸ்பீக்கர் இரண்டுக்கும் நேர் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் வயரே மாட்டவில்லை.