டோர்ட்முண்டில் ஒரு மேட்ச்: முதல் தடவை போகிறவர்களுக்கான திட்டம்

ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்குப் போய் பொருசியா டோர்ட்முண்ட் கிளப்பின் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, தெற்கு கேலரியில் டிக்கெட் கிடைக்குமா என்றுதான். நண்பர்கள் சிலர் சேர்ந்து அடுத்த சீசனுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம், எங்களுக்குள்ளும் இதே பேச்சுதான் ஓடியது. நான் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: முதல் தடவை போகிறவர்கள் தெற்கு கேலரிக்கு டிக்கெட் தேட வேண்டாம், மேற்கிலோ கிழக்கிலோ உட்காருங்கள்.

ஏன் என்றால், மஞ்சள் சுவர் என்று உலகமே சொல்கிற அந்த தெற்கு கேலரியில் 24,454 பேர் நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கிறார்கள். நின்று பார்க்கும் கேலரிகளில் ஐரோப்பாவிலேயே பெரியது அதுதான். அங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சீசன் டிக்கெட்காரர்கள், வருடக்கணக்காக அதே மூலையில் அதே ஆட்களோடு நிற்கிறவர்கள், அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று வந்த இடங்களும் உண்டு. கீழே வேலி மேல் ஏறி ஒருவர் மெகாபோனில் பாட்டை எடுத்துக்கொடுக்க, தொண்ணூறு நிமிடமும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அது அவர்களுக்கு ஒரு பொறுப்பு. பாட்டும் தெரியாமல் மொழியும் தெரியாமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நிற்பது அவர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் முன்னால் நிற்பவரின் தோளும் கொடியும்தான் தெரியும். ஆனால் மேற்கு கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் அந்தச் சுவர் முழுசாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஆட்டம் தொடங்கும் முன் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மஞ்சள் கறுப்பு ஸ்கார்ஃபைத் தூக்கிப் பிடிப்பதும், ஒரு பெரிய மேட்ச் என்றால் கேலரி முழுவதும் விரியும் ஓவியமும் அங்கிருந்துதான் தெரியும்.

சரி, டிக்கெட். மொத்த இடம் 81,365. அதில் சுமார் 55,000 சீசன் டிக்கெட்டுக்கே போய்விடும், எதிரணி ரசிகர்களுக்கு ஒரு பங்கு தனியாகப் போய்விடும், மீதிதான் பொதுவுக்கு. அதிலும் கிளப் உறுப்பினர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு, அதனால் கூட்டத்தில் ஒருவராவது உறுப்பினராகச் சேர்ந்துவிடுவது நல்லது. ஆட்டத்துக்கு வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இடத்தைக் கிளப்பின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் போடுவார்கள், கடைசி நாட்களில் அங்கே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியாட்கள் நடத்தும் தளங்களில் நாலு மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். அப்படிக் கைமாறிய டிக்கெட்டை ரத்து செய்யக் கிளப்புக்கு உரிமை உண்டு, கேட் வரை போய்த் திரும்புவது போன்ற வேதனை வேறு இல்லை.

எந்த ஆட்டம் என்பதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். பெரிய அணியான பயர்ன் மியூனிக் வரும் நாளில்தான் போக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கு மைன்ஸ், ஆக்ஸ்பர்க் மாதிரி ஒரு சின்ன அணி வரும் நாள் போதும். யார் வந்தாலும் அந்தச் சுவர் நிரம்பித்தான் இருக்கும், பாட்டின் சத்தமும் குறையாது. டிக்கெட்டும் ஓரளவு கைக்கு எட்டும், ஹோட்டல் விலையும் கட்டுக்குள் இருக்கும். பக்கத்து ஊர்ப் பரம எதிரியான ஷால்க அதே லீக்கில் இருக்கும் சீசன் என்றால், அதனுடன் நடக்கும் டெர்பியை முதல் பயணத்துக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், போலீஸ் கெடுபிடி, ரயில் நெரிசல் எல்லாம் அன்று வேறு அளவில் இருக்கும். எந்த நாளாக இருந்தாலும் நீலமும் வெள்ளையும் கலந்த சட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது ஷால்கவின் நிறம்.

விமான டிக்கெட் போடும் முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கோடையில் பட்டியல் வெளியாகும்போது இந்த வார இறுதியில் இந்த இரண்டு அணிகள் என்று மட்டும்தான் இருக்கும். வெள்ளி இரவு எட்டரையா, சனி மூன்றரையா, சனி மாலை ஆறரையா, ஞாயிறா என்பதை லீக் நிர்வாகம் பிறகுதான், சில வாரங்களுக்கான ஆட்டங்களைச் சேர்த்துச் சேர்த்து அறிவிக்கும். வாரநாளில் ஐரோப்பியப் போட்டி இருந்தால் அதற்கேற்ப நாள் மாறும், டிவிக்காக மாறும். ஆகவே வியாழன் இரவு அல்லது வெள்ளி காலை போய் இறங்கி, திங்கள் கிளம்புவது என்று வைத்துக்கொண்டால் எந்த நேரம் அறிவித்தாலும் கவலையில்லை. ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆட்ட நேரம் தெரியட்டும் என்று காத்திருந்தால் அது நடக்காது. கிறிஸ்துமஸை ஒட்டிக் குளிர்கால இடைவேளை வரும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். என் ஓட்டு ஏப்ரலுக்கு, குளிரும் குறைந்திருக்கும், சீசன் முடிவின் சூடும் ஏறியிருக்கும்.

போய்ச் சேர்வது சுலபம். டுசல்டார்ஃப் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி டோர்ட்முண்ட் சென்ட்ரல். மேட்ச் டிக்கெட்டே அன்றைக்கு அந்த வட்டாரத்தின் சாதாரண ரயில், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் பயணச் சீட்டாகச் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது. மெட்ரோவில் மைதானம் வரை போகலாம், ஆனால் நாங்கள் நடக்கப் போகிறோம். முக்கால் மணி நேர நடைதான், பழைய சந்தை சதுக்கத்தில் கூடும் ரசிகர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, குரோய்ட்ஸ்ஃபீர்டல் பகுதியின் தெருக்கள் வழியாகப் போனால் வழி நெடுக மஞ்சள் சட்டைதான், தூரத்தில் மைதானக் கூரையைத் தாங்கும் மஞ்சள் தூண்கள் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும்.

காலையில் நேரம் இருந்தால் போர்சிக் சதுக்கம் போகாமல் விடாதீர்கள், 44-ஆம் எண் டிராம் அங்கே போகும். இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பேட்டை அது. 1909 டிசம்பர் 19 அன்று அங்கே ஒரு சாராயக் கடையின் அறையில்தான் இந்தக் கிளப் பிறந்தது. கால்பந்து கூடாது என்று தேவாலயத்தின் இளைஞர் அமைப்பை நடத்திய பாதிரியார் தடுக்கப் பார்த்தார், பையன்கள் கேட்கவில்லை. கோப்பை வென்றால் இன்றும் அணி ஊர்வலமாக அந்தச் சதுக்கத்துக்குத்தான் வரும்.

மைதானத்துக்கு வெளியே எழுதியிருக்கும் பெயர் சிக்னல் இடுனா பார்க். 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டித் திறந்தபோது வெஸ்ட்ஃபாலன் மைதானம். திவாலாகும் நிலைக்குப் போன கிளப் 2005-இல் பெயர் உரிமையை விற்றது, ரசிகர்கள் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும் சின்ன மைதானம் ரோட்ட எர்ட, 1974 வரை கிளப்பின் வீடு அதுதான், உள்ளே போகும் முன் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

உள்ளே ஏ4 தாளைவிடப் பெரிய பை எடுத்துப் போக முடியாது, குடிக்கும் கோப்பைக்கு டெபாசிட் கட்ட வேண்டும், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். இங்கிலாந்து மாதிரி இல்லாமல் பீரோடு இருக்கையிலேயே உட்காரலாம். முக்கியமான தயாரிப்பு வேறு: ஆட்டக்காரர்களின் குடும்பப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அணி அறிவிக்கும்போதும் கோல் விழும்போதும் மைக்கில் முதல் பெயரை மட்டும் கூப்பிடுவார்கள், மீதிப் பெயரை மைதானம் முழுவதும் திருப்பிக் கத்தும். அந்த மைக்கில் பல காலமாகக் கூப்பிட்டு வரும் நோர்பர்ட் டிக்கல் யார் தெரியுமா? 1989 ஜெர்மன் கோப்பை இறுதியில் முழங்கால் காயத்தோடு இறங்கி இரண்டு கோல் போட்டவர். அந்தக் காயத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கையும் சீக்கிரமே முடிந்தது. அவர் கூப்பிட நாம் பதில் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்!

இத்தனை மைதானங்கள் இருக்க இதை ஏன் பிடித்தது என்று கேட்டால் நான் சொல்வது 2017 ஏப்ரல் 11. டோர்ட்முண்ட் அணியின் பஸ் அருகே குண்டு வெடித்து அதன் வீரர் மார்க் பார்ட்ராவுக்குக் கையில் காயம், மொனாக்கோவுடனான ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. தங்க இடமில்லாமல் நின்ற மொனாக்கோ ரசிகர்களை டோர்ட்முண்ட்காரர்கள் தங்கள் வீடுகளுக்குக் கூட்டிப்போய் சோறு போட்டுப் படுக்க வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களோடு ஒரு மத்தியானமாவது உட்கார வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் மெட்ரோவுக்கு ஓட வேண்டாம், எண்பதாயிரம் பேரும் அங்கேதான் ஓடுவார்கள். இருக்கையிலேயே கொஞ்ச நேரம் இருங்கள், ஜெயித்திருந்தால் வீரர்கள் கைகோத்துத் தெற்கு கேலரி முன்னால் வந்து நிற்பார்கள், அப்புறம் வந்த வழியே நடந்துவிடலாம்.

ஞாயிறு ஜெர்மனியில் கடைகள் பூட்டியிருக்கும். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 2015-இல் திறந்த ஜெர்மன் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு அரை நாள் அதற்கு. மீதி அரை நாளுக்கு நாங்கள் ஹாம் போகிறோம், டோர்ட்முண்டுக்குப் பக்கத்து ஊர்தான். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த நம் ஆட்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே கோபுரத்தோடு நிற்கிறது. ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளிப்போனால் கோயிலும் அருங்காட்சியகமும் சனிக்கிழமைக்கே வந்துவிடும், அவ்வளவுதான் மாற்றம்.