ஆறு வாரக் கோடை அலைக்குறிப்பு: 1.2 மீட்டர் என்று நம்பிப் போன காலை

நேற்று, செவ்வாய்க்கிழமை, இருள் பிரிவதற்கு முன்பே அலைச்சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசிக்கொண்டு கரைக்குப் போய் நின்றேன். அலை உயரம் 1.2 மீட்டர் என்று முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. நான் கண்டதோ, நீருக்கடியில் உள்ள மணல்திட்டின் மேல் உடையாமலே வழுக்கிக் கடந்து, கரையோரத்தில் வந்து தொப்பென்று விழுகிற முழங்கால் உயர அலைகளைத்தான். எண்பது நிமிடம் நீரில் கிடந்தும் ஒரே ஓர் அலைதான் கிடைத்தது. எழுந்து நின்று கால்களை ஊன்றுவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது. இந்தக் கோடையில் ஆறு வாரங்களில் பதினான்கு முறை போயிருக்கிறேன்; குறிப்பேட்டில் 'ஏறத் தகுந்தது' என்று எழுதிய நாட்கள் இரண்டே இரண்டு. எங்கள் கரை எப்போதுமே நிலையில்லாதது, கோடையில் இன்னும் மோசமாகும் என்பதெல்லாம் தெரிந்ததுதான் என்றாலும், பன்னிரண்டு முறை வீணாகத் திரும்பியதற்குக் கடலைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, நான் முன்னறிவிப்பைப் படித்த முறையில் எங்கே பிழை என்று நேற்று முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பகுதி பிடிபட்டுவிட்டது.

முதல் பிழை, அந்த ஒற்றை எண்ணை நம்பியது. முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது தொலைதூரப் புயல்கள் எழுப்பி அனுப்பும் ஸ்வெல் என்ற அலையையும், அருகில் வீசும் காற்று எழுப்பும் காற்றலையையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரே உயரம். அந்தச் சேர்க்கையும் நேர்க்கூட்டல் அன்று. இரண்டு உயரங்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். நேற்றைய 1.2 மீட்டரைப் பிரித்துப் பார்த்தால், ஐந்து நொடி இடைவெளியுடைய, அதாவது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஐந்து நொடி ஆகும், காற்றலை 1.1 மீட்டரும், பன்னிரண்டு நொடி இடைவெளியுடைய ஸ்வெல் வெறும் 0.5 மீட்டரும் இருந்தன. 1.21-உடன் 0.25-ஐக் கூட்டினால் 1.46, அதன் வர்க்கமூலம் 1.2. கணக்கு அப்படியே பொருந்துகிறது. அதைவிடக் கசப்பானது, அது பிற்பகலில் கடற்காற்று உச்சத்தில் இருக்கும் வேளைக்கான எண் என்பது. காலையில் காற்று அடங்கிக் காற்றலை போனபின் எஞ்சியது அந்த அரை மீட்டர் மட்டுமே.

மூன்று வாரங்களுக்கு முன் 0.9 மீட்டர் என்று காட்டிய ஒரு நாளில், இதற்காக ஏன் எழுந்து போக வேண்டும் என்று நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்று என்னோடு வழக்கமாக வரும் நண்பர் தனியாகப் போய்க் காலை முழுவதும் அலையேறிவிட்டு வந்தார். அந்த நாளின் பகுப்பை இப்போது தோண்டி எடுத்துப் பார்த்தால், ஸ்வெல் 0.8 மீட்டர், காற்றலை 0.4 மீட்டர், சேர்த்தால் 0.9. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அன்றைய ஸ்வெல்லுக்கு நேற்றையதைப் போல் இரண்டரை மடங்கு ஆற்றல் இருந்திருக்கிறது. 1.2 என்ற நாளில் போய் ஏமாந்ததும், 0.9 என்ற நாளில் போகாமல் இழந்ததும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். கடல் மிதவைகளின் தரவையோ கணினி மாதிரிக் கணிப்பையோ பார்ப்பவர்கள் தயவுசெய்து அந்த மேல்வரி எண்ணோடு நின்றுவிடாமல், அதன் கீழே ஸ்வெல்லின் உயரம், இடைவெளி, திசை ஆகிய மூன்றும் தனித்தனியே தரப்பட்டிருக்கும் இடம் வரை இறங்கிப் படியுங்கள். அந்த எண்ணே சராசரி வகையைச் சேர்ந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வருகிற அலைகளில் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியை அலை உயரம் என்று கொள்ளும் வழக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்வெர்ட்ரப், மங்க் என்ற இரு கடலியலாளர்கள் படை இறங்கும் கரைகளுக்காக அலையைக் கணிக்க முற்பட்டபோது உருவானது.

இடைவெளியைப் பற்றி இங்கு வருபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. ஆழ்கடலில் அலைநீளம், இடைவெளியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். ஐந்து நொடி அலைக்கு அது 39 மீட்டர், பன்னிரண்டு நொடி அலைக்கு 225 மீட்டர். அலைநீளத்தில் பாதி ஆழத்திலேயே அலை அடித்தரையை உணரத் தொடங்கும் என்பதால், முன்னது கரைக்கு மிக அருகில் வந்த பிறகே தரையை அறிகிறது. பின்னதோ நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலேயே வளையவும் வேகம் குறையவும் ஆரம்பித்து, உடையும் இடத்தில் நன்றாக உயர்ந்தெழுகிறது. அரை மீட்டர் உயரமும் பன்னிரண்டு நொடி இடைவெளியும் கொண்ட ஸ்வெல், உடையும் கணத்தில் ஏறத்தாழ 0.9 மீட்டரைத் தொடும். அதே அரை மீட்டர் ஐந்து நொடியில் வந்தால் 0.65 மீட்டரைத் தாண்டுவதே கடினம்.

அப்படியானால் நேற்று அந்த 0.9 மீட்டர் ஏன் வரவில்லை? விடை நீருக்கு அடியில் இருக்கிறது. இந்த ஆறு வாரங்களில் நான் மிக அதிகமாக உழைத்ததும் அங்கேதான். அலை தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தில் உடைகிறது என்பது பொது விதி. ஆகவே 0.9 மீட்டர் அலைக்கு 1.15 மீட்டர் அளவில் நீர் வேண்டும். நம் மணல்திட்டின் மேல் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று தெரியாமல் எந்த முன்னறிவிப்பைப் படித்தும் பயனில்லை. அதை அளக்கத்தான் கயிறும் ஈயக்குண்டும் வாங்கினேன்.

கயிற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் வாங்கியது நைலான் கயிறு. கால் மீட்டருக்கு ஒரு முடிச்சாகப் போட்டு எடுத்துப் போனேன். நைலான் நனைந்தால் நெகிழும், இழுத்தால் நீளும். ஒரு வாரம் கழித்துத் தரையில் விரித்து அளந்தபோது முடிச்சுகளுக்கிடையே ஒன்றுக்கொன்று ஒவ்வாத இடைவெளிகள் இருந்தன. முதல் வார அளவுகள் அனைத்தையும் மனம் வலிக்க அடித்துவிட வேண்டியதாயிற்று. நீளாத கயிறு வேண்டும் என்று நான் தெளிவாகக் கேட்டும், எல்லாக் கயிறும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுத்த கடைக்காரர் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இப்போது வைத்திருப்பது பின்னல் பாலியஸ்டர் கயிறு. அதில் முடிச்சே போடவில்லை. முடிச்சு நீளத்தைத் தின்றுவிடுகிறது; ஆகையால் நனைத்து, குண்டைத் தொங்கவிட்டு, அந்த இழுவையிலேயே அளந்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நிற நூலை ஊசியால் கோத்துத் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு அரை மீட்டருக்கும் சிவப்பு; விரல் விறைத்துப்போன விடியற்காலையிலும் கண் தவறாது.

அளக்கும் முறையும் எளிதாக வந்துவிடவில்லை. பலகைமேல் அமர்ந்து குண்டை இறக்கினால், பலகை நகர்ந்துகொண்டே இருப்பதால் கயிறு சாய்ந்து ஆழத்தை மிகைப்படுத்திக் காட்டும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, கயிறு செங்குத்தாக நிற்கும் நொடியில் மட்டும் படிக்க வேண்டும். அலையின் முகட்டில் ஓர் அளவு, அதன் பள்ளத்தில் ஓர் அளவு என ஐந்து இணைகள் எடுத்துச் சராசரி காண்கிறேன். பின்னர் அந்த நேரத்தின் ஓத உயரத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவதால் கூடியிருக்கும் நீரை, கழித்தால்தான் ஒரு நாளின் அளவை மற்றொரு நாளின் அளவோடு ஒப்பிட முடியும். இதில் வளியழுத்தமும் குறுக்கிடுகிறது: அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். கோடையின் உயர் அழுத்தம் நீடித்த ஒரு வாரத்தில் என் அளவுகள் எல்லாம் எட்டு சென்டிமீட்டர் குறைவாகவே வந்தன. காரணம் புரியும் வரை கயிற்றின்மேல்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த எண்கள் இவை: ஓதம் முழுவதும் வற்றியபோது திட்டின் மேல் 0.8 மீட்டர் நீர், முழுவதும் ஏறியபோது 2 மீட்டர். நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் ஓதத்தில், வற்றத்திலிருந்து முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரு பங்கும், மூன்றாம் மணியில் மூன்று பங்கும் ஏறும் என்ற பழைய விதிப்படி, வற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் மட்டுமே திட்டின் மேல் 1.1 மீட்டருக்குள் நீர் நிற்கும். நேற்று நான் இறங்கியபோது நின்றது 1.8 மீட்டர். அரை மீட்டர் ஸ்வெல் அந்த ஆழத்தில் எப்படி உடையும்? அன்று நண்பர் ஏறிய 0.8 மீட்டர் ஸ்வெல்லோ உடையும்போது 1.4 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும், 1.8 மீட்டர் ஆழத்திலேயே அது உடைந்துவிடும்.

இதோடு காற்றையும் சேர்த்துப் பார்த்தால் கோடையின் இறுக்கம் விளங்கும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறி, முற்பகலிலேயே கடற்காற்று எழுந்து அலைமுகத்தைக் கலைத்துவிடுகிறது. நிலக்காற்று வீசும், அல்லது காற்றே இல்லாத, விடியல் பொழுதுதான் நமக்கு மிச்சம். ஓதமோ நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. எனவே விடியற்காலையில் வற்றம் அமைவது இரு வாரங்களுக்கு ஒருமுறை நான்கைந்து நாட்கள் மட்டுமே. அந்த நான்கைந்து நாட்களில் ஸ்வெல்லும் வந்து சேர வேண்டும். கோடையில் வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே வெப்ப வேறுபாடு குறைவதால், நம் அரைக்கோளத்துப் புயல்கள் வலுவிழந்து துருவத்தை நோக்கி விலகிவிடுகின்றன. அவை அனுப்பும் ஸ்வெல்லும் சிறுத்துவிடுகிறது. மறு அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்களிலிருந்து நீண்ட இடைவெளி அலை வருவதுண்டு. தென்பெருங்கடல் அலைகளை அலாஸ்கா வரை தொடர்ந்து அளந்து காட்டிய மங்கின் 1963-ஆம் ஆண்டுச் சோதனைக்குப் பிறகு அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் எங்கள் கரையின் ஒரு பக்கத்தை மறைத்து நிற்கும் கடல்முனையைச் சுற்றி வருவதற்குள் அதில் பாதி தேய்ந்துவிடுகிறது.

ஆறு வாரங்களில் திட்டும் இடம் மாறிவிட்டது. தொடக்கத்தில் நீர்விளிம்பிலிருந்து எழுபது அடி எடுத்து வைத்தால் திட்டு; இப்போது நாற்பதிலேயே கால் தட்டுகிறது. குளிர்காலப் பேரலை உள்ளே இழுத்துச் சென்ற மணலைக் கோடையின் சிற்றலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தருகிறது என்பதைப் படித்திருக்கிறேன். என் கயிற்றிலேயே அதைப் பார்த்தது இதுவே முதல்முறை. அதைவிட முக்கியமானது, திட்டை இரண்டாகப் பிளந்திருந்த, கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் இழுவை நீரோட்டக் கால்வாய். வற்றத்தில் 1.9 மீட்டராக இருந்த அதன் ஆழம் இப்போது 1.1 மீட்டர். அலை திட்டில் உடைந்து கால்வாயை நோக்கிப் படிப்படியாக உரிந்து போகும்போதுதான் நமக்கு ஓடுவதற்குத் தோள், அதாவது இன்னும் உடையாத அலைப்பகுதி, கிடைக்கிறது. கால்வாயும் தூர்ந்துவிட்டால் முழு நீளமும் ஒரே நேரத்தில் கவிழும். என்னுடைய பன்னிரண்டு தோல்விகளில் கடைசி ஐந்தை இப்போது இதன் கணக்கில்தான் எழுதுகிறேன்.

அடுத்த பத்து நாட்களுக்கான நிலை நன்றாக இல்லை. நாளை வரை 0.3 மீட்டர், ஏழு நொடி, எழுதும்படி எதுவுமில்லை. நேற்று நண்பகலில் சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் சிறிது நேரம் எங்கள் பக்கமாகக் காற்றைத் திருப்பியது. ஆழ்கடலில் பதினாறு நொடி அலைத்தொகுதி மணிக்கு 45 கிலோமீட்டரும், பன்னிரண்டு நொடித் தொகுதி 34 கிலோமீட்டரும் நகரும். ஆகவே வெள்ளி காலையில் உயரமே இல்லாத நீண்ட இடைவெளி முன்னலைகளும், சனி விடியலில் 0.5 மீட்டர், பன்னிரண்டு நொடி ஸ்வெல்லும் வர வேண்டும். வற்றம் விடியலுக்கு வருவதோ ஞாயிறு முதல் வியாழன் வரை; அதற்குள் ஸ்வெல் 0.35 மீட்டருக்கு இறங்கிவிடும், அதன்பின் வாரம் முழுவதும் வெறுமை. சனிக்கிழமை வற்றம் 4:40-க்கு. அதன்பின் இரண்டு மணி நேரம் என்றால் 6:40 வரை. வெளிச்சம் வந்த பிறகு கையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒன்பது அடிப் பலகையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். வலுவற்ற அலையில் முன்கூட்டியே ஏறுவதற்கு நீளமும் மிதப்பும் வேண்டும். என் குறும்பலகையால் ஆகாது. அதன் உள்நுரை தெர்மாகோல் வகை என்பதால் எப்பாக்சிப் பிசினை மட்டுமே பயன்படுத்துகிறேன். பாலியஸ்டர் பிசின் அந்த நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். பலகையின் மூக்கில் இருந்த வெடிப்பைத் திறந்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, முதல் கண்ணாடி இழைத் துணியை இன்று பிற்பகல் ஒட்டியிருக்கிறேன். பின்முனையில் இன்னும் ஓர் ஓட்டை மிச்சம். அதற்குள் ஈரம் இருக்கிறதா என்று நாளை தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். பலகையின் அடியிலுள்ள நடு ஃபின்னைச் சற்றுச் சிறியதாக மாற்றும் எண்ணமும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் மணலில் உரசுகிறது.

வெள்ளிக்கிழமை அலை இருக்காது. ஆனாலும் காலையில் கயிற்றோடு போகிறேன். கால்வாயின் ஆழத்தை மூன்று இடங்களில் அளக்க வேண்டும். வற்றக் கணக்கில் எங்காவது 1.4 மீட்டருக்கு மேல் இருந்தால், சனிக்கிழமை அந்த விளிம்பின் ஓரமாகத்தான் அமரப் போகிறேன்.