எங்கள் வாங்கில் நாலு பேர்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் எங்கள் வாங்கைத் தவிர வேறெதுவும் வரவில்லை. வகுப்பில் பின்னாலிருந்து இரண்டாவது வாங்கு. ஓரத்தில் நான், எனக்குப் பக்கத்தில் ஒருவன், அவனுக்கு அடுத்து வாசிப்புக்காரன், கடைசியில் யன்னலோரத்தான். நோய் வருத்தங்களைப் பற்றிய கதை என்பதால் பெயர் போட வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டார்கள். எங்களோடு படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும், அது போதும்.

என் பக்கத்தில் இருந்தவனுக்கு 14 வயதில் சீனி வருத்தம் வந்தது. இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். இனி ஆயுள் முழுக்க ஊசிதான் என்று அவனே சொன்னான். அன்று விஞ்ஞான ஆசிரியர் பாடத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்களாம். அவனுக்கும் 14 வயது. முதல் ஊசி மருந்து சுத்தம் போதாமல் சரிவரவில்லை. 12 நாள் கழித்துச் சுத்திகரித்த மருந்தை ஏற்றிய பிறகு பையன் தேறினான், அதன்பின் 13 வருடம் உயிரோடு இருந்தான். அதற்கு முன் இந்த வருத்தம் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. ஆசிரியர் கதையை முடித்துவிட்டு என்னிடம், “நீதானே பக்கத்தில இருக்கிறாய், கவனமாய்ப் பார்த்துக்கொள்” என்றார்.

எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சீனி கூடுவதைவிடத் திடீரென்று குறைவதுதான் உடனடி ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் முதலில் கண்டது அவன் கையெழுத்தை. ஒழுங்காகக் கோட்டில் போய்க்கொண்டிருக்கும் எழுத்து மெல்லப் பெருக்கும். வரி கீழே சரியும். சுழிகள் மூடாமல் நிற்கும். அதன் பிறகுதான் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை வரும். “டேய், சீனி குறையுதடா” என்றால் கோபம் வரும். “எனக்கு ஒண்டுமில்லை, பேசாமல் இரு” என்பான். அந்தக் கோபமே ஒரு அடையாளம் என்பது எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் எடுத்தன. மூளைக்கு எரிபொருள் குளுக்கோஸ்தானே. அது குறையும்போது தனக்கு ஏதோ ஆகிறது என்று யோசிக்கிற இடமே மங்கிவிடுகிறது. அவனை நம்பக்கூடாத நேரம் எது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

என் கொம்பாஸ் பெட்டியில் ஒரு மூலையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும். 15 கிராம் கொடு, 15 நிமிடம் பொறு, குறைவாகவே இருந்தால் திரும்பக் கொடு என்று இப்போது வைத்தியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் கணக்கு எதுவும் இல்லை. அவன் கையெழுத்து திரும்பக் கோட்டுக்கு வரும்வரை கொடுப்போம், அவ்வளவுதான். மயங்கி விழுந்தவன் வாயில் மட்டும் எதையும் போடக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று அவன் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். நல்லவேளை, அந்த அளவுக்கு ஒருநாளும் போகவில்லை. ஒரேயொரு முறை சுற்றுலா போன இடத்தில், பின்னேரம் முழுக்கப் பந்தடித்துவிட்டுப் படுத்திருந்தோம். ஓடியாடிய உடம்பு மணிக்கணக்காகப் பிறகும் சீனியை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. நடு இரவில் யன்னலோரத்தான் புரண்டு படுக்கும்போது கை பட்டு, பக்கத்தில் இருந்தவனின் சட்டை தோய்ந்திருப்பதைக் கண்டு எங்களை எழுப்பினான். அன்று அவன் கை படாமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் சில இரவுகளில் எனக்கு வரும்.

பிறகு நாங்கள் நாலு பேரும் நாலு திசையில் போனோம். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வருடங்கள் ஓடின. அதையெல்லாம் இங்கே விரிக்கவில்லை.

யன்னலோரத்தான் தனியாக இருப்பவன். ஆறு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தொலைபேசி மற்ற அறையில் இருந்தது. தலைசுற்றும் வலியுமாக ஊர்ந்து போய் அதை எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. ஆறு கிழமை மாவுக்கட்டு. நான் தினமும் தொலைபேசியில் ஆறுதல் சொன்னேன். சீனிக்காரனோ ஒரு மணி நேரம் கார் ஓட்டி, ஞாயிறு தவறாமல் அவன் வீட்டுக்குப் போனான். போனதும் முதலில் செய்த வேலை, அவனுடைய இடது கை நகங்களை வெட்டியது. கட்டுப் போட்ட கை வலது கை. அதனால்தான் நல்ல கையின் நகத்தை அவனால் வெட்ட முடியாது. இதை யாரிடமும் கேட்க அவனுக்கு மனம் வந்திருக்காது. சீனிக்காரன் கேட்கவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு, எதிரே இருந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினான். பிறகு நாரி நோகக் குனிந்து சப்பாத்து நாடாவைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் இழுத்து ஒட்டும் பட்டி போட்ட சப்பாத்தை வைத்துவிட்டு வந்தான்.

கட்டு அவிழ்த்ததும் யன்னலோரத்தான் ஒரு காரியம் செய்தான். எங்கள் ஒவ்வொருவரிடமும் விடாப்பிடியாக விவரம் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தான். பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கம், மாற்றுத் திறப்பு யாரிடம் இருக்கிறது, குடிக்கும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள். அதன் ஒரு பிரதி எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. இது அளவுக்கு மிஞ்சிய கவனம் என்று அன்று நான் நினைத்தேன்.

வாசிப்புக்காரனோடு நான் சனிக்கிழமைகளில் பேசுவேன். வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்க ஆசிரியர்கள் அவனைத்தான் எழுப்புவார்கள், அப்படியொரு குரல். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பேச்சின் நடுவில் அவன் சொற்கள் குழைந்தன. லைன் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். காணொளியைப் போடச் சொன்னேன். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. “ரெண்டு கையையும் தூக்கு மச்சான்” என்றேன். இடது கை நின்றது, வலது கை தானாகக் கீழே வந்தது. பக்கவாதத்தின் அடையாளம் இவைதான் என்று வைத்தியசாலைச் சுவரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அவன் மனைவி வேலையில் இருந்தார். நான் இருந்ததோ வேறு கண்டம். அவசர இலக்கத்தை நான் அழுத்தினால் என் நாட்டு அம்புலன்ஸ்தான் பேசும், அவன் நாட்டுக்குப் போகாது. வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் நாங்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் மனைவி பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு வந்து, தன் தொலைபேசியில் அவன் பக்கத்து வீட்டுக்காரரை எடுத்தார். அவர் அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஓடி வந்தார். நான் இணைப்பை விடவில்லை. தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் கத்தினேன், ஏனென்றால் விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அஸ்பிரினும் வேண்டாம் என்றேன். மூளையில் அடைப்பா இரத்தக் கசிவா என்று ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். கடைசியாக அவன் நன்றாகப் பேசியது அவன் நேரப்படி மாலை 7.20 என்று எழுதச் சொன்னேன். அடைப்பென்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் அந்தக் கணக்கு. அவனுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

உயிர் தப்பியது. நடை வந்தது. வலது கை முழுதாக வரவில்லை. குரல் வந்தது, சொற்கள் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், நன்றாகத் தெரிந்த எதையாவது தினமும் உரக்கச் சொல்லச் சொன்னாராம். அவன் தேர்ந்தெடுத்தது எங்கள் வகுப்பு இடாப்பை. 36 பெயர்கள், அதே வரிசையில், இத்தனை வருடம் கழித்தும் அவனுக்கு மனப்பாடம். அவன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, மற்றப் பக்கத்திலிருந்து நான் “உள்ளேன் ஐயா” என்பேன். தொடக்கத்தில் ஐந்து பெயரோடு களைத்துவிடுவான். ‘ழ’ வரும் இடத்தில் நாக்கு நின்றுவிடும். நான் எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பேன். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சீனிக்காரன் இப்போது கையில் சீனியை அளக்கும் ஒரு சென்சர் ஒட்டியிருக்கிறான். நெடுங்காலம் ஊசி போட்ட உடம்பு, சீனி குறைவதை அவனுக்கு முன்போலக் காட்டிக்கொடுப்பதில்லை. சீனி அளவு 70க்குக் கீழே போனால் அவன் தொலைபேசியோடு யன்னலோரத்தானின் தொலைபேசியும் அடிக்கும். நேரம் காலம் பார்க்காமல் யன்னலோரத்தான் உடனே அவனை எடுத்துப் பேசுவான்.

போன சனிக்கிழமை வாசிப்புக்காரன் இடாப்பை நிறுத்தாமல் கூப்பிட்டான். 22வது பெயர், நம்மை விட்டுப் போய்விட்டவன். வழக்கமாக அந்த இடத்தில் இருவரும் சற்று நிற்போம். அந்தப் பெயரில்தான் ‘ழ’ இருக்கிறது. அன்று அது சுத்தமாக வந்தது. நான் “உள்ளேன் ஐயா” என்றேன். அவன் 23வது பெயரைக் கூப்பிட்டான்.