கண் சுத்தாத கிளவுசர் ஒருமாதிரிச் சரிவந்திட்டு

மச்சான்மார், நானே கட்டின கிளவுசர்ல, அதுதான் ஹூக்கில முடியும் பாரமான கண்ணும் வெச்சு நூலால கட்டிற ஃபிளை எண்ட பொய் இரையில, கொடுவா ஏறிட்டு! மட்டக்களப்பு பாலமீன்மடுவில, முகத்துவாரத்தால தண்ணி கடலுக்கு இழுக்கிற நேரம், கண்ணா மரத்து (கண்டல்) வேரை ஒட்டிப் போட்டு ரெண்டு இழுவைதான், டப்பெண்டு வாங்கிட்டு. முழங்கை நீளம் வரும், பெரிய சாமான் இல்ல, ஆனா செவுள்மூடி எப்பிடி வெட்டும் எண்டு தெரியும்தானே, லைன் நுனியில 40 பவுண்ட் தங்கூசித் துண்டு போட்டபடியாத்தான் அறுக்காம வந்தது. பாத்திட்டுத் திருப்பி விட்டுட்டன்.

மீனை விட எனக்குப் பெரிய சந்தோசம் கண்ணு, அதுதான் ஃபிளைத் தலையில குறுக்கால கட்டிற ரெட்டை மணி, அசையாம நிண்டதுதான். பொப் கிளவுசர் 1980களில பென்சில்வேனியாவில பாஸ் மீனுக்கெண்டு கட்டின ஃபிளை இது, பாரமான கண்ணு ஹூக் தண்டுக்கு மேல இருக்கிறதால தண்ணிக்குள்ள பிரண்டு ஹூக் நுனி மேல பாத்து வரும், வேருக்குள்ள மாட்டாது. கண்ணு கொஞ்சம் சுத்தினாலும் ஃபிளை சரிஞ்சு நீந்தும், கொடுவா திரும்பியும் பாக்காது. நூலை வெறும் எட்டு வடிவத்தில குறுக்கால போட்டுக் கட்டினா நாலு வீச்சில சுத்தும், எவ்வளவு இறுக்கினாலும் சுத்தும். இப்ப செய்யிறது என்னெண்டா, முதல்ல தண்டில நூலால மேடு ஒண்டு, அதில ஒரு சொட்டு சுப்பர்குளூ, ஈரம் காயமுதல் கண்ண வெச்சு எட்டு, மறுகா கண்ணுக்குக் கீழ, தண்டுக்கு மேல, அந்த இடுக்கால நூலைப் படுக்கையா வட்டமாச் சுத்தி இழுக்கவேணும். இந்தப் படுக்கைச் சுத்துத்தான் உயிர். எட்டுப் போட்ட நூலெல்லாத்தையும் இது நடுவில சேத்து நெரிக்கும், பிறகு விரலால முறுக்கினாலும் அசையாது. முடி வைக்கமுதல் முறுக்கிப் பாருங்க, அசைஞ்சா அறுத்துப்போட்டுத் திரும்பக் கட்டுங்க, பாவம் பாக்க வேணாம்.

கண்ணுக்கு வெளிநாட்டுச் சாமான் தேவையில்ல. வீச்சுவலை ஈயத்தை நடுவில குறட்டால நெரிச்சா இடுப்பு விழும், இழுவைத் தண்ணிக்கு அது. ஆழமில்லாத இடத்துக்கு ஹாட்வெயார்ல விக்கிற பேசின் மூடிச் சங்கிலி, ரெண்டு மணியா வெட்டினாச் சரி. முடிக்கு ஆட்டுவால், இறைச்சிக்கடையில கேட்டா சும்மா தருவாங்க, ஷாம்பு போட்டுக் கழுவி நல்லா வெயில்ல காயவிடுங்க.

ஆனா ஃபிளை வீசிற லைன் விசயத்தில சரியான கோவம். ஒன்லைன்ல ஒருத்தன் ட்ரவுட்டுக்கெண்டு செய்த குளிர்தண்ணி லைனை எல்லாத்துக்கும் சரியெண்டு அனுப்பிட்டான், நம்மட கச்சான் வெக்கைக்கு அது அவிச்ச இடியப்பம் மாதிரிக் குழைஞ்சு தடி வளையத்தில ஒட்டுது. 8 வெயிட்ல (லைன்ட பார அளவு) வெக்கைக்கெண்டு செய்த ட்ரொப்பிக்கல் லைன்தான் வாங்கவேணும், விலை கூடத்தான், வேற வழியில்ல.

பாக்கிற வீடியோ எல்லாம் ஸ்டீல்ஹெட்தான். அது கடல்ல வளந்து முட்டையிட ஆத்துக்கு ஏறிற ரெயின்போ ட்ரவுட், நம்மட கொடுவா அதுக்கு நேர்மாறு, நல்ல தண்ணியில வளந்து உப்புப்பக்கம் வந்து முட்டையிடும். அதாலதான் முகத்துவாரம் திறந்திருக்கிற காலத்த விடாதீங்க எண்டு சொல்றன்.

அடுத்தது வெள்ளைச் சேவல் இறகில டிசீவர் எண்ட வேற ஃபிளை, இறகு சேத்து வெச்சாச்சு. கிளவுசர் தலைக்கு இன்னும் பூச்சு அடிக்கல்ல, யூவி வெளிச்சம் பட்டா இறுகிற யூவி ரெசின் போடத்தான் யோசினை. கல்முனைப் பக்கம் யூவி டோர்ச் எங்க எடுக்கலாம் எண்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.