பூனைக் காது

என் மகளின் சாவிக்கொத்தில் ஒரு பூனை முகம் தொங்கிக்கொண்டிருந்தது. கனமான உலோகம். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவற்றில் விரல்களை நுழைத்துக் கையை மூடினால், இரண்டு காதுகளும் முள்ளாக நீட்டிக்கொள்ளும். இரவில் கல்லூரி நூலகத்திலிருந்து தனியாக வருகிறவள் ஆயிற்றே என்று டெக்சாஸில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் இருவரும் ஆஸ்டினிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டோம். பாதுகாப்புச் சோதனையில் அவளுடைய தட்டு மட்டும் தனியே ஒதுங்கியது. அதிகாரி சாவிக்கொத்தை வளையத்தோடு தூக்கிப் பிடித்து, "இது நக்கிள்ஸ், கைப்பையில் கூடாது" என்றார். விரலில் மாட்டிக் குத்தும் பித்தளை வளையத்தைத்தான் அந்தப் பெயரில் நான் அறிவேன். "சாவிக்கொத்துதான், தற்காப்புக்காக வைத்திருக்கிறாள்" என்று விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. சரக்கில் போகும் பெட்டியில் வைக்கலாம், காரில் விட்டு வரலாம், இல்லையென்றால் இங்கேயே கொடுத்துவிடலாம் என்றார்.

பெட்டியில் போட்டுவிடலாம் என்று கிளம்பியவனை மகள்தான் நிறுத்தினாள். கைபேசியில் கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டம், பிரிவு 21810. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். ஓராண்டு வரை சிறை, பெருங்குற்றமாகவும் வழக்குத் தொடுக்கலாம். எது நக்கிள்ஸ் என்று சொல்லும் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ கையில் அணியும் உலோகப் பொருள் என்றிருந்தது. அதிகாரியிடம் நான் வாதமாக எடுத்துவைத்த அதே சொல் அங்கே குற்றத்தின் இலக்கணமாக உட்கார்ந்திருந்தது!

டெக்சாஸும் முன்பு இப்படித்தான் இருந்திருக்கிறது. 2019 செப்டம்பர் 1 அன்றுதான் இங்கே தடை நீங்கியது. அதற்கு முந்தைய நாள் வரை ஓராண்டுச் சிறை, 4,000 டாலர் அபராதம் வரை போகக்கூடிய குற்றம். கடைக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாகன நிறுத்தத்துக்கு ஓடி, காரின் டாஷ்போர்டுக்குள் பூனையைப் பூட்டிவிட்டு, மீண்டும் வரிசையின் வாலில் நின்றேன். எனக்கு முன்னே போய்விட்டிருந்த மகள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்: "அப்பா, சாவியையும் காரிலேயே விட்டுவிடவில்லையே?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.